எதையும் தொடாதவர்

"நேத்து வரைக்கும் நல்லாத்தான் சார் ஓடிச்சு. நான் எதையுமே தொடலை."

மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸ் ஓடுகிற எந்த ஆபீஸிலும் இப்படி ஒருவர் இருப்பார். தொட்டிருப்பார்.

திரையில் 1045-ம் நம்பர் எரர். 'ஆக்சஸ் டினைட்' என்பதில் தொடங்கி எந்த யூசர், எந்த மெஷின், பாஸ்வேர்டு போட்டானா இல்லையா என்பதுவரை அதிலேயே இருக்கும். அந்த ஒரு வரியைத் தவிர மற்ற எல்லாவற்றையும் படிப்பார் நம்மவர். பிறகு அன்இன்ஸ்டால், மறுபடி இன்ஸ்டால். விண்டோஸில் மென்பொருளை நீக்கினாலும் டேட்டா ஃபோல்டர் பழைய பாஸ்வேர்டோடு 'புரோகிராம்டேட்டா'வுக்குள் குந்தியிருக்கும். ஆகவே மறுபடியும் 1045. சரி என்று பக்கத்திலேயே இன்னொரு வெர்ஷனை ஏற்றுவார். 3306-ம் போர்ட்டைப் பழையது பிடித்து வைத்திருப்பதால் புதியது எழுந்திருக்கவே எழுந்திருக்காது. "சர்வர் வீக் சார், ரேம் போடணும்" என்று மேலிடத்துக்குக் கடிதம் போய்விடும்.

குவெரி எழுதுவதிலும் அவருக்கென்று ஒரு துணிச்சல் உண்டு. போன் நம்பர் தராத வாடிக்கையாளர்களைத் தேட 'ஈக்வல் டு நல்' என்று போடுவார். 'நல்' எதற்கும் சமமாகாது, இன்னொரு 'நல்'லுக்குக்கூட. 'இஸ் நல்' என்றுதான் கேட்க வேண்டும். இவர் கேட்டதற்கு ஒரு வரிகூட வராது. "எல்லாருமே நம்பர் குடுத்திருக்காங்க சார்!" மேனேஜர் கைகுலுக்கிப் பாராட்டினார், நானே பார்த்தேன்.

தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக விழுந்தால் ஃபான்ட் இல்லை என்பார். டேபிள் தமிழே தெரியாத 'லேட்டின்1'-ல் கிடக்கும். உள்ளே போகும்போதே செத்த எழுத்தை எந்த ஃபான்ட் எழுப்பும்?

போன மாதம் ஒரே ஒருவருடைய ஊரை மாற்ற அப்டேட் போட்டவர், 'வேர்' போட மறந்தார். வாடிக்கையாளர் அத்தனை பேரும் ஒரு நொடியில் உசிலம்பட்டிக்குக் குடிபோனார்கள்.

"பேக்கப்?"

"தினம் ராத்திரி தானா எடுக்குது சார்."

பழைய 1045-க்காக யாரோ வந்து பாஸ்வேர்டை மாற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். டம்ப் எடுக்கிற ஸ்கிரிப்ட்டுக்கு அதைச் சொல்வாரில்லை. அது இரவுதோறும் ஃபைலைத் திறக்கும், உள்ளே விடமாட்டேன் என்ற பதிலை வாங்கிக்கொள்ளும், திறந்ததை அப்படியே விட்டுவிட்டுப் போகும்.

ஃபோல்டரைத் திறந்தோம். தேதி பிசகாமல் வரிசையாக ஃபைல்கள். சைஸ் எல்லாவற்றுக்கும் 0 கேபி.

"பாத்தீங்களா சார், ஒரு நாள்கூட விடலை" என்றார்.