சனீஸ்வரனின் சரிகமப

பாட்டுப் போட்டிக்குச் சாத்திரம் பார்க்கவேண்டிய வீடு இரண்டாமிடம், அது வாக்குத்தானம். கலைக்குப் பொறுப்பு சுக்கிரன். கடல் தாண்டிப் பாடப் போவதற்குப் பன்னிரண்டாமிடத்தின் தயவு வேண்டும். விசா அதற்குப் பிறகுதான். யாழ்ப்பாணம் அரியாலையைச் சேர்ந்த கில்மிஷா, ஜீ தமிழின் ‘சரிகமப லிட்டில் சாம்ப்ஸ்’ பட்டத்தைச் சென்னையில் வென்றது 2023 டிசெம்பர் 17இல். அன்று சனி நின்ற இடத்தில்தான் சிக்கல். திருக்கணிதப் பஞ்சாங்கப்படி அவர் அந்த ஆண்டு ஜனவரியிலேயே கும்பத்துக்குக் குடிபெயர்ந்துவிட்டார். வாக்கியப் பஞ்சாங்கப்படி அன்று இன்னும் மகரத்தில்தான் இருந்தார், பெயர்ச்சி டிசெம்பர் 20இல்தான். ஆகவே வெற்றிக்குக் காரணம் சனி பெயர்ந்தது என்றும் சொல்லலாம், பெயராதது என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் தட்சணை ஒன்றே. கொக்குவில் இரகுநாதையர் பஞ்சாங்கம் வாக்கியக் கட்சி. இரு கட்சியாரின் 12 கட்டங்களிலும் விடியற்காலைப் பயிற்சிக்கென ஒரு கட்டமும் ஒதுக்கப்படவில்லை.