விடுதிச் சோறும் பத்தாம் வகுப்பும்

ஜவ்வாது மலையில் ஒரு பிள்ளை படிக்குமா படிக்காதா என்பதை அன்றும் இன்றும் தீர்மானிப்பது விடுதியின் சமையல்கட்டுதான். வகுப்பறை, ஆசிரியர், பாடப்புத்தகம் எல்லாம் அதற்குப் பிறகு வருபவை. இதை நான் அந்தச் சோற்றைத் தின்று வளர்ந்தவன் என்ற உரிமையில் சொல்கிறேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் என் அப்பா என்னை ஜமுனாமரத்தூருக்கு நடத்திக் கூட்டிவந்து விடுதியில் சேர்த்தார். தகரப் பெட்டி அவர் தலையில், பாய் என் கக்கத்தில். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்தில் ஒதுங்காத மனிதர். படிப்பைப் பற்றி அவருக்குப் பெரிய கனவு ஏதும் இருந்ததாகத் தெரியவில்லை. "அங்க மூணு வேளையும் நெல்லுச் சோறு போடறாங்களாம்" என்பதுதான் அவர் அம்மாவிடம் சொன்ன காரணம். எங்கள் வீட்டில் சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும்தான். நெல்லுச் சோறு பொங்கலுக்கும் கல்யாணத்துக்கும் மட்டும். 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். அரசு சத்துணவைத் தொடங்கியபோது, சமவெளிப் பிள்ளைகளுக்கு அது மதியச் சாப்பாடு. மலையில் பல ஊர்களில் அந்த ஒரு வேளைக்காகவே பெற்றோர் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பத் தொடங்கினார்கள்.

விடுதிச் சமையல்கட்டு இன்றும் என் கண்ணில் அப்படியே நிற்கிறது. கரி பூசிய இரண்டு பெரிய அண்டாக்கள். சமையல்காரர் அரிசியைப் படியால் அளந்து போடும்போது பெரிய பையன்கள் வாசலில் நின்று எண்ணுவார்கள். ஒரு படி குறைந்தாலும் அன்று யாருக்கோ சோறு எட்டாது என்பது எங்களுக்குத் தெரியும். சாம்பாரில் பூசணியோ முள்ளங்கியோ மிதக்கும். ஈர விறகு என்றால் சோற்றிலேயே புகை வாடை வரும். அலுமினியத் தட்டின் பின்புறம் ஆணியால் பெயரைக் கீறி வைத்திருப்போம். என் தட்டில் எனக்கு முன்பு படித்த இருவரின் பெயர்களும் இருந்தன. அவர்களில் ஒருவர் எட்டாவதோடு நின்றுபோனவர் என்று பிறகுதான் தெரிந்தது.

நிற்பதற்குக் காரணங்கள் இருந்தன. மலையின் பருவமும் பள்ளியின் பருவமும் ஒன்றோடொன்று மோதும். சாமை அறுவடைக்கு ஒரு கூட்டம் வீட்டுக்குப் போகும். திரும்பி வருவதில் பாதி குறையும். அதைவிட மோசம் புளி. மரம் ஏறி உலுக்க, பொறுக்க, ஓடு உடைக்க, கொட்டை எடுக்க வீட்டில் உள்ள எல்லாக் கையும் வேண்டும். அந்த வேலை மும்முரமாக நடப்பது பிப்ரவரியிலும் மார்ச்சிலும். அரசுப் பொதுத்தேர்வும் அப்போதுதான். மலைப் பிள்ளைகள் பத்தாவதில் தவறியதற்கு மூளையைக் காரணம் சொன்ன பெரிய மனிதர்களை நான் பார்த்திருக்கிறேன். புளிய மரத்தை அவர்கள் பார்த்ததில்லை.

ஆசிரியர்கள் பெரும்பாலும் போளூர், வாணியம்பாடி பக்கத்தவர்கள். திங்கள் மதியம் பஸ்ஸில் ஏறி வந்து வெள்ளி மதியம் இறங்கிப் போனவர்கள் உண்டு. மலையிலேயே தங்கி, இரவில் அரிக்கேன் விளக்கை நடுவில் வைத்து எங்களுக்குக் கணக்குப் போட்டுக் காட்டிய ஒரு சாரும் உண்டு. நான் பத்தாவது தேறியது அந்த விளக்கால். சாரின் சொந்த ஊரில் அவருடைய பிள்ளைகள் அதே வயதில் அப்பா இல்லாமல் படித்துக்கொண்டிருந்தார்கள் என்பதை இப்போது நினைத்தால் நெஞ்சு கனக்கிறது.

இந்த மலையில் பள்ளிகளை நடத்தும் துறைகளும் பல. பள்ளிக் கல்வித் துறை ஒருபக்கம், ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நலத்துறை ஒருபக்கம். இவற்றோடு வனத்துறையும் இங்கே பள்ளி நடத்துகிறது. காப்புக்காட்டையொட்டிய ஊர்களில் அரசு என்றால் வனத்துறைதான். சந்தன மரத்தைக் காத்த அதே துறை அ, ஆவும் சொல்லிக்கொடுத்தது. 2023-24 தமிழக பட்ஜெட்டில் எல்லாத் துறைப் பள்ளிகளும் பள்ளிக் கல்வித் துறையின் கீழ் வரும் என்று அறிவித்தார்கள். யார் நடத்தினாலும் எனக்குச் சம்மதம். விடுதிக்கான பணமும் ஆளும் அந்தக் கைமாற்றத்தில் காணாமல் போகக் கூடாது.

நிர்வாகம் மலையைப் படுத்திய பாடு இன்னொன்று. நான் சேரும்போது முழு மலையும் வடஆற்காடு மாவட்டம். 1989-ல் திருவண்ணாமலை தனி மாவட்டமானபோது ஜமுனாமரத்தூர் இந்தப் பக்கம் வந்தது. புதூர்நாடும் நெல்லிவாசலும் அந்தப் பக்கம் நின்று, 2019 நவம்பரில் திருப்பத்தூர் மாவட்டத்துக்குள் போயின. கொள்வினை கொடுப்பினையுள்ள ஊர்கள், ஒரே மலையாளிப் பழங்குடி மக்கள், சான்றிதழுக்கு மட்டும் வேறு வேறு திசை. பழங்குடியினர் சான்றிதழைக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்தத் தாளுக்காகப் படி இறங்கி ஏறிக் களைத்து, மேல்படிப்பையே விட்ட நண்பர்கள் எனக்கு உண்டு. இப்போது ஜமுனாமரத்தூரே தனி வட்டம், தாசில்தார் மலைமேலேயே உட்கார்ந்திருக்கிறார். இணையத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் கையெழுத்து இன்னும் கோட்டாட்சியருடையதுதான்.

எங்கள் மலையில் உலகம் அறிந்த ஓர் இடம் உண்டு. அலங்காயம் சாலையில் உள்ள காவலூர் வானாய்வகம். யுரேனஸ் கோளுக்கு வளையங்கள் இருப்பது 1977 மார்ச்சில் தெரியவந்தபோது, அந்த நிகழ்வைப் பதிவு செய்த ஆய்வகங்களில் காவலூரும் ஒன்று. 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி வந்து, அங்குள்ள 2.34 மீட்டர் தொலைநோக்கிக்கு வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைச் சூட்டினார். இந்தியாவிலேயே பெரிய தொலைநோக்கி அப்போது அதுதான். அதே மலையில் அரிக்கேன் விளக்கில் படித்துக்கொண்டிருந்த எங்களுக்கு அது வெள்ளைக் கோபுரமுள்ள ஏதோ ஓர் ஆபீஸ். உள்ளே போகலாம் என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் அறிவியல் புத்தகத்தில் தொலைநோக்கிப் படம் போட்டிருந்தது. இன்று நிலைமை வேறு. பிள்ளைகளைக் காவலூருக்குக் கூட்டிப்போகிறார்கள். அரசுப் பள்ளிகளில் 2022 முதல் வானவில் மன்றம், கலைத் திருவிழா என்று வகுப்புக்கு வெளியேயும் வேலை இருக்கிறது. என் அண்ணன் மகள் பதினொன்றாம் வகுப்பு. "சித்தப்பா, சனிக் கோளை நேர்ல பாத்தேன், சின்னதா வளையத்தோட" என்று போனில் அவள் சொன்னபோது, எனக்குக் கிடைக்காதது அவளுக்குக் கிடைத்ததில் உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

பெண் பிள்ளைகள் விஷயத்தில்தான் மலை தலைகீழாக மாறியிருக்கிறது. என் வகுப்பில் விரல் விட்டு எண்ணும் அளவே இருந்தார்கள். வயதுக்கு வந்ததும் அவர்களும் நின்றார்கள். இன்று விடுதியில் இடம் போதவில்லை என்று பெண் பிள்ளைகளின் தாய்மார்கள் வந்து நிற்கிறார்கள். 2022 செப்டம்பரில் தொடங்கிய புதுமைப்பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய், கல்லூரி வரை அனுப்பலாம் என்ற தெம்பைக் கொடுத்திருக்கிறது. எங்கள் மலையின் புலியூர் ஸ்ரீபதியின் கதையை அறியாத பெண் பிள்ளை இங்கே இல்லை. 2023-ல் பிரசவமான இரண்டாம் நாள் சென்னைக்குப் பயணம் செய்து உரிமையியல் நீதிபதி தேர்வு எழுதி, 23 வயதில் தேறியவர். அவர் பள்ளிப் படிப்பைப் படித்தது பக்கத்து ஏலகிரி மலையில். ஜவ்வாது மலையின் பெருமையைப் பேசும்போது இதையும் சேர்த்தே பேச வேண்டும்.

ஆண் பிள்ளைகளைப் பற்றி எழுதக் கை நடுங்குகிறது. 2015 ஏப்ரல் 7-ஆம் தேதி சேஷாசலம் காட்டில் ஆந்திரக் காவல்துறை 20 பேரைச் சுட்டுக் கொன்றது. செம்மரம் வெட்டப் போனவர்கள் என்றார்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தர்மபுரி மாவட்டங்களின் ஏழைகள். மலையில் மேஸ்திரி என்று ஒருவர் வருவார். முன்பணம் தருவார், எந்த வேலை என்று தெளிவாகச் சொல்லமாட்டார். அவர் தேடி வருவது பள்ளியை விட்ட, உடம்பில் வலுவுள்ள பையன்களை. செம்மரம் மட்டுமல்ல, திருப்பூர் பனியன் கம்பெனி, கர்நாடகக் காப்பித் தோட்டம் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

மேஸ்திரி எப்போது வருவார் என்று கவனித்துப் பாருங்கள். மே மாதம் வருவார். விடுதியைப் பூட்டிய பிறகு. சோறு போடும் இடம் அடைத்துக் கிடக்கிறது, வீட்டில் புளி விற்ற காசு கரைந்துவிட்டது, அடுத்த விளைச்சலுக்கு மாதங்கள் இருக்கின்றன. ஜூனில் பள்ளி திறக்கும்போது பையன் வேறு மாநிலத்தில் இருப்பான். இன்றைய ஆசிரியர்கள் பலர் பைக்கை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளைத் திரும்பக் கூட்டிவருகிறார்கள். அவர்களைக் கைகூப்பி வணங்குகிறேன். ஆனால் ஜூனில் செய்வதை மே மாதத்திலேயே செய்தால் பாதி வேலை மிச்சம். கோடை விடுமுறையிலும் தங்க விரும்பும் பிள்ளைகளுக்கு அடுப்பு எரிய வேண்டும். கணினி ஆய்வகம், நீட் பயிற்சி, நான் முதல்வன் எல்லாம் வரட்டும். கல்வராயன் மலையின் கருமந்துறை உண்டு உறைவிடப் பள்ளியில் படித்த ஒரு மாணவி 2025-ல் சென்னை ஐ.ஐ.டி.க்குத் தேர்வாகிக் காட்டியிருக்கிறார். ஆனால் பயிற்சி எதுவாயினும் அதைப் பெறப் பிள்ளை ஜூனில் வகுப்பில் இருக்க வேண்டுமே.

சென்ற முறை போனபோது அண்ணன் மகளின் பள்ளியில் சிறுதானியக் கண்காட்சி. சாமைப் பொங்கல், சாமைப் பாயசம், சாமை முறுக்கு என்று வரிசையாக வைத்து, ஒவ்வொன்றின் சத்தையும் சார்ட் பேப்பரில் எழுதியிருந்தார்கள். சமவெளி ஆசிரியர்கள் கேட்டால் வீட்டில் சாமைச் சோறு என்று சொல்லக் கூசிய தலைமுறை நாங்கள். இப்போது அவள் கூச்சமில்லாமல் ஆட்சியர் அலுவலகத்திலிருந்து வந்தவர்களுக்குச் சாமையின் பெருமையை விளக்குகிறாள். ஆனால் அவள் விடுதியில் சாப்பிடுவது அரிசி. வீட்டில் ரேஷன் அரிசி. அவள் அப்பா விளைவிக்கும் சாமை வியாபாரியின் மூட்டையில் ஏறி மலை இறங்குகிறது. அதில் ஒரு பகுதியை விடுதிகளே நேராக வாங்கினால் பிள்ளைக்கும் சத்து, பெற்றோருக்கும் காசு. இதை மனுவாக எழுதிக் கொடுத்திருக்கிறோம்.

பதில் வரும் வரை காத்திருக்க மனமில்லை. பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, வரும் மே மாதம் எங்கள் ஊரில் ஒரு பொது அடுப்பு மூட்டுவதாக முடிவு செய்திருக்கிறோம். சாமை அண்ணன் தருகிறார். ஓய்வுபெற்ற ஒரு கணக்கு டீச்சர் காலையில் வந்து பத்தாவது, பன்னிரண்டாவது பிள்ளைகளுக்கு வகுப்பெடுக்க ஒப்புக்கொண்டிருக்கிறார். அண்டா இரண்டு வாங்கியாகிவிட்டது. பருப்புக்கும் எண்ணெய்க்கும் பணம் திரட்டிக்கொண்டிருக்கிறோம்.