தெரியாமல் ஒழுகியது

ஆஸ்திரேலியாவின் பார்க்ஸ் ரேடியோ தொலைநோக்கியில் 1998 முதல் ஒரு மர்ம அலை அவ்வப்போது தலைகாட்டிக்கொண்டிருந்தது. 2015இல் குற்றவாளி பிடிபட்டது: வளாகத்து மைக்ரோவேவ் அடுப்பு. சூடாகி முடியும்வரை பொறுக்காமல் யாரோ கதவைப் படக்கென்று திறக்கும்போதெல்லாம் தெறித்த அலை. ஆராய்ச்சிக் கட்டுரை வந்தது, ஊர் சிரித்தது. பாவம், அடுப்புக்கு வக்கீல் இல்லை.

வக்கீல் வைத்துக்கொள்ளக் கூடியவர்கள் 550 கிலோமீட்டர் உயரத்தில் செயற்கைக்கோள் விடுகிறார்கள்.

கீழே இருப்பவர்கள் எவ்வளவு ஒழுக்கமாக இருக்க வேண்டும் தெரியுமா? மேற்கு ஆஸ்திரேலியாவின் மர்ச்சிசன் வட்டாரம் ஏறக்குறைய நெதர்லாந்து அளவு. குடியிருப்பவர்கள் ஏறக்குறைய நூறு பேர். வஜாரி மக்களின் மண். ஸ்கா-லோ ரேடியோ தொலைநோக்கிக்காக அங்கே 1,31,072 ஆன்டெனாக்களை நடுகிறார்கள். ஆய்வகத்தின் கணினிகளிலிருந்து அலை கசிந்துவிடக் கூடாதென்று கட்டடத்தையே உலோகக் கூண்டாக்கி வைத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் கரூ வட்டாரத்தில் இதேபோல் வானியலைக் காக்க 2007இல் தனிச் சட்டமே போட்டார்கள். ஆடு வளர்க்கிறவர் ஊரில் கைபேசிக் கோபுரம் வைப்பதற்கும் அங்கே கட்டுப்பாடு.

இத்தனையும் எதற்கு? முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய காலத்து ஹைட்ரஜன் 1420 மெகாஹெர்ட்ஸில் விட்ட தடயம், அண்டம் விரிய விரிய நீண்டு, இன்று ஏறக்குறைய 50 முதல் 200 மெகாஹெர்ட்ஸுக்குள் வந்து சேர்கிறது. எஃப்எம் பாட்டு ஓடுவதும் அங்கேதான். நம் பால்வீதியின் இரைச்சலே அந்தத் தடயத்தைவிடப் பல ஆயிரம் மடங்கு பலம். 2018இல் 78 மெகாஹெர்ட்ஸில் அந்தத் தடயம் அரை கெல்வின் பள்ளமாகத் தெரிகிறது என்றது எட்ஜஸ் ஆய்வுக் குழு. பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தார் சாரஸ்-3 ஆன்டெனாவை மிதவையில் ஏற்றி, தண்டிகானஹள்ளி ஏரியிலும் சராவதி நீர்த்தேக்கத்திலும் மிதக்கவிட்டு அளந்து, அப்படி ஒன்றும் இல்லை என்று 2022இல் மறுத்தார்கள். அரை கெல்வினுக்கே இந்தப் பாடு.

இப்போது மேலே பார்ப்போம். 2023இல் நெதர்லாந்தின் லோஃபார் தொலைநோக்கி, சந்தாவுக்கு இணையம் தரும் ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களின் மின்னணுச் சாதனங்களிலிருந்து 110 முதல் 188 மெகாஹெர்ட்ஸ் வரை அலை கசிவதைக் கண்டுபிடித்தது. சரி, சொல்லியாயிற்று, திருத்திக்கொள்வார்கள் என்று நினைத்தவர்களுக்கு 2024இல் பதில் வந்தது: இரண்டாம் தலைமுறைச் செயற்கைக்கோள்களின் கசிவு 32 மடங்கு வரை அதிகம். என்ன ஒரு முன்னேற்றம்! 2025இல் கர்ட்டின் பல்கலைக்கழகத்தார் மர்ச்சிசனில் உள்ள ஸ்கா-லோ மாதிரித் தொலைநோக்கியின் 7.6 கோடி படங்களைச் சலித்ததில் 1,806 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்கள் சிக்கின. ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்தியாவிலும் வானியலுக்கென்று எழுதிவைத்த 150.05–153 மெகாஹெர்ட்ஸுக்குள்ளும் அவை எட்டிப் பார்த்திருக்கின்றன.

விதிமீறலா? கிடையாது. கண்டுபிடித்தவர்களே அப்படித்தான் சொல்கிறார்கள். சர்வதேச விதிகள் வேண்டுமென்றே அனுப்பும் அலையைத்தான் கட்டுப்படுத்துகின்றன. செயற்கைக்கோளின் வயிற்றிலிருந்து தானாகக் கசிவது கணக்கில் வராது. மாடியிலிருந்து துப்பினால் அபராதம், வாயைத் திறந்து வைத்துக்கொண்டு நாள் முழுக்க ஒழுகவிட்டால் ஐயாவுக்கு வணக்கம். அந்த விதியை எழுதியபோது வானத்தில் இத்தனை வாய்கள் இல்லை என்பது உண்மைதான். இப்போது இருக்கின்றனவே, திருத்த என்ன தடை?

அதுதான் வடிகட்டி இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. மென்பொருள் ஒவ்வொரு நொடியையும் ஒவ்வொரு அலைவரிசையையும் பார்த்து, கெட்டுப்போன இடத்தில் கொடி நட்டு, அந்தத் தரவைத் தூக்கிப் போடுகிறது. போட்ட இடத்தில் பிரபஞ்சமும் சேர்ந்து போகிறது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். மென்பொருளின் கண்ணுக்குத் தப்பும் அளவுக்கு மெலிந்த கசிவுதான் ஆபத்து. ஆயிரம் மணி நேரத் தரவைச் சேர்த்துப் பார்க்கும்போது அது மெல்லத் தலைதூக்கி, ஆதிகால ஹைட்ரஜனைப் போல வேடம் கட்டி நிற்கும். அதைப் பிரித்தெடுக்க ஆள், கணினி, ஆண்டுக்கணக்கான உழைப்பு எல்லாம் பொதுமக்கள் வரிப்பணத்தில். சந்தாப் பணம் வேறு பெட்டிக்குப் போகிறது.

இந்த லட்சணத்தில், நிலவைச் சுற்றிவந்து, பூமியின் இரைச்சல் எட்டாத அதன் மறுபக்கத்திலிருந்து அளக்க ராமன் நிறுவனத்தார் பிரதுஷ் என்ற கருவியைத் திட்டமிடுகிறார்கள். நிலவைச் சுற்றித் தகவல்தொடர்புச் செயற்கைக்கோள் விடுவதற்கும் ஒப்பந்தங்கள் கையெழுத்தாகத் தொடங்கிவிட்டன. கவலை வேண்டாம், நிலவின் மறுபக்கத்துக்கும் விதிப்படி பாதுகாப்பு உண்டாம். 150.05 மெகாஹெர்ட்ஸுக்கும் உண்டு.