இணையத்துக்கு நாடி பார்க்க முடியுமா?

கேள்வி: இணையத்தில் எழுதும் ஒரு கூட்டத்தின் மனநிலையை அளக்க முடியுமாமே, நிஜமா?

பதில்: ஓரளவுக்கு முடியும். ஜோனதன் ஹாரிஸ், செப் காம்வார் இருவரும் 2006-ல் ‘வீ ஃபீல் ஃபைன்’ என்று ஒன்றைச் செய்தார்கள். அந்நாளில் வலைப்பூவில் யாராவது ‘ஐ ஃபீல்’ என்று எழுதினால் போதும். நிரல் அந்த வாக்கியத்தைப் பொறுக்கிவந்து திரையில் ஒரு புள்ளியாக்கிவிடும். மகிழ்ச்சிக்கு மஞ்சள், சோகத்துக்கு நீலம், கோபத்துக்குச் சிவப்பு. எழுதியவரின் ஊர் தெரிந்தால், அங்கே மழையா வெயிலா என்பதையும் சேர்த்துக்கொள்ளும். புள்ளியைத் தொட்டால் முன்பின் தெரியாத ஒருவரின் ஒற்றை வரி வந்து நிற்கும். மனிதர்களை வெறும் எண்ணாகச் சுருக்காத வேலை. இன்றுவரை எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

கேள்வி: எண்ணாக அளப்பவர்கள் எப்படி அளக்கிறார்கள்?

பதில்: அமெரிக்காவின் வெர்மான்ட் பல்கலைக்கழகத்தில் பீட்டர் டாட்ஸ், கிறிஸ் டான்ஃபோர்த் குழு உருவாக்கிய ‘ஹெடோனோமீட்டர்’ நல்ல உதாரணம். சுமார் 10,000 ஆங்கிலச் சொற்களுக்குப் பலரிடம் 1 முதல் 9 வரை மகிழ்ச்சி மதிப்பெண் வாங்கினார்கள். ‘சிரிப்பு’க்கு 8.5, ‘பயங்கரவாதி’க்கு 1.3. ட்விட்டரில் ஒரு நாள் விழுந்த சொற்களின் சராசரிதான் அந்த நாளின் மதிப்பெண்ணாக இருந்தது. கிறிஸ்துமஸ் வந்தால் வரைபடத்தில் கோடு எகிறியது.

கேள்வி: சொல்லை எண்ணினால் மனசு தெரிந்துவிடுமா?

பதில்: தெரியாது.

கேள்வி: இப்படி ஒரே வார்த்தையில் முடித்தால் எப்படி?

பதில்: பின்லேடன் கொல்லப்பட்ட செய்தி வந்தது 2011 மே மாதம். அமெரிக்கத் தெருக்களில் கொண்டாட்டம். ஹெடோனோமீட்டரோ அந்த நாளை மிகச் சோகமான நாட்களில் ஒன்றாகப் பதிவுசெய்தது. ‘சாவு’, ‘கொலை’ என்ற சொற்கள் அன்று குவிந்துகிடந்தன, அவ்வளவுதான். நம் ஊர் ரசிகர் ‘தலைவர் கொன்னுட்டாரு’ என்று குதித்தால் அதுவும் துக்கக் கணக்கில்தான் சேரும். ஒற்றை வரியை நம்பாதீர்கள்; லட்சம் வரிகளின் போக்கைப் பாருங்கள்.

கேள்வி: இதில் ஆபத்து உண்டா?

பதில்: அளப்பதோடு நிற்காமல் மனநிலையை மாற்றிப் பார்க்கக் கிளம்பினால் உண்டு. 2012-ல் ஒரு வாரம், ஃபேஸ்புக் 6,89,003 பேரின் பக்கங்களில் சிலருக்கு மகிழ்ச்சியான பதிவுகளையும் சிலருக்குச் சோகமானவற்றையும் குறைத்துக் காட்டியது. அவர்கள் எழுதுவது மாறுகிறதா என்று பார்க்கத்தான். மாறியது மிகமிகக் கொஞ்சம். ஆனால், தனியாக யாரிடமும் சம்மதம் கேட்கவில்லை. 2014-ல் ஆய்வுக் கட்டுரை வந்த பிறகே உலகத்துக்குத் தெரிந்தது. அநியாயம்தான், சந்தேகமே வேண்டாம்.

கேள்வி: பொழுதுபோக்காக நானும் ஒன்று செய்யலாமா?

பதில்: தாராளமாக. ட்விட்டர் 2023-ல் இலவசமாகத் தரவு தருவதை நிறுத்தியதும், தனி ஆட்கள் ஆசையாக நடத்திய பல கருவிகள் நின்றுபோயின. அதனால் உங்கள் சொந்த நண்பர் குழுவிலேயே தொடங்குங்கள். எல்லாரிடமும் சம்மதம் கேட்டுக்கொள்ளுங்கள். பெயர்களை எடுத்துவிட்டுச் சேமியுங்கள். வேண்டாம் என்பவரின் வரியைத் தொடாதீர்கள். கோடு வாரக்கணக்கில் இறங்கிக்கொண்டே போனால், வரைபடத்தை மூடிவைத்துவிட்டு நண்பர்களுக்கு ஃபோன் போட்டு விசாரியுங்கள்.