தகப்பன்சாமியும் ஒரு தறுதலைப் பிள்ளையும்

எங்கள் சுவாமிமலையில் பிள்ளை பாடம் சொன்னான், அப்பன் வாய்பொத்திக் கேட்டார். அமெரிக்காவில் ஒரு பிள்ளை அப்பன் மானத்தையே வாங்கினான். 1977இல் வந்த ‘ஸ்டார் வார்ஸ்’ சக்கைப்போடு போட, சூட்டோடு சூடாகத் தொலைக்காட்சிக்கு ஒரு பண்டிகை ஸ்பெஷல் தயாரித்தார்கள். 1978 நவம்பர் 17, சிபிஎஸ் சேனல், இரண்டு மணி நேரம். (விளம்பரத்தையும் சேர்த்துத்தான். அதில் விளம்பரம் தேவலை.)

படத்தில் வரும் சூபாக்கா பண்டிகைக்கு வீடு போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கதை. வீட்டில் மனைவி மல்லா, பிள்ளை லம்பி, அப்பா இட்சி. உடம்பெல்லாம் சடை. தொடக்கத்தில் பல நிமிடங்கள் மூவரும் உறுமிக்கொண்டே இருக்கிறார்கள். கீழே ஒரு வரி எழுத்து ஓடவில்லை. பிரணவப் பொருளையே உறுமியிருந்தாலும் யாருக்கு விளங்கும்? கடைசியில் இளவரசி லேயா பாட்டு வேறு பாடுகிறார். நம் தீபாவளிப் பட்டிமன்றங்களை இனி நான் குறை சொல்வதாயில்லை.

இங்கே சுவாமிமலையில் ஸ்தபதிகள் தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து உருப்பிடித்து, காவிரி வண்டலைப் பூசி, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு உலோகம் வார்ப்பார்கள். ஆறியதும் மண் அச்சை உடைத்துவிடுவார்கள். அதே அச்சில் இன்னொரு நடராஜர் கிடையாது. ஹாலிவுட்காரர்களுக்கோ ஒரு படம் ஓடிவிட்டால் அச்சை உடைக்க மனசு வராது.

ஆனால் அந்தப் பண்டிகை ஸ்பெஷலை மட்டும் சிபிஎஸ் மறுபடி ஒளிபரப்பவே இல்லை. அன்றைக்கு வீட்டில் வீடியோ டேப்பில் பதிந்தவர்கள் கைமாற்றிக் கைமாற்றித்தான் அது இன்றும் உயிரோடு இருக்கிறது.