முதலில் பி.காம்., பிறகு நாடகம்

நாடகம் படிக்க ஆசையா? நல்லது. முதலில் நாடகம் அல்லாத எதையாவது மூன்று வருடம் படித்துவிட்டு வா.

நான் வைத்த விதியல்ல இது. இந்த நாட்டில் நாடகப் படிப்புக்கு வைத்திருக்கும் வாசல் அப்படி. டில்லியில் தேசிய நாடகப் பள்ளி இருக்கிறது. 1959இல் சங்கீத நாடக அகாதெமி தொடங்கியது. உள்ளே போக ஒரு பட்டம் வேண்டும். விலங்கியலோ வணிகவியலோ, ஏதோ ஒன்று. தவளையை அறுத்தவனும் வரலாம், வரவு செலவு எழுதியவனும் வரலாம். கூடவே ஆறு நாடகங்களிலாவது வேலை செய்திருக்க வேண்டும். ஆறு முறை ஆற்றைக் கடந்தவனுக்குத்தான் நீச்சல் வகுப்பு. இத்தனையும் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, மூன்று வருடம் ராப்பகலாக உழைத்து வெளியே வந்தால் கையில் தருவது பட்டயம். பட்டம் இல்லாதவனுக்கு நாடகம் இல்லை. நாடகம் படித்தவனுக்குப் பட்டம் இல்லை.

இடையில் 2005இல் அந்தப் பள்ளியை நிகர்நிலைப் பல்கலைக்கழகம் ஆக்கினார்கள். பள்ளி என்ன செய்தது? இந்தக் கௌரவம் எங்களுக்கு ஒத்துவராது என்று கேட்டு, 2011இல் அதிலிருந்து கழன்றுகொண்டது. நம் பல்கலைக்கழகங்களைப் பற்றி நாடகக்காரர்கள் எழுதிய விமர்சனங்களிலேயே சுருக்கமானது அதுதான்.

சரி, டில்லி தூரம். மும்பையில் எங்கள் விக்ரோலிக்கு வருவோம்.

பார்க்சைட் மேட்டில் ஒரு சால் குடியிருப்பு. அப்பா திருநெல்வேலிப் பக்கம். பையன் மராத்தியில் கனவு காண்பான், தமிழில் திட்டு வாங்குவான். கணபதி மண்டலில் வேஷம் கட்டி ஆரம்பித்தவன், கல்லூரியில் ஏகாங்கிகா என்னும் ஓரங்க நாடகப் போட்டிகளுக்குப் போகிறான். நாடகமே படிக்கிறேன் என்று வீட்டில் சொல்லிப் பாருங்கள். “கூத்தாடவா உன்ன பம்பாய்க்குக் கூட்டியாந்தேன்?” என்பார் அப்பா. பக்கத்துக் கடை அண்ணாச்சி தராசை நிறுத்திவிட்டு, “அதுல என்னலே வேலை கிடைக்கும்?” என்பார். அண்ணாச்சியின் மகன் இன்ஜினியரிங் முடித்து அதே தராசுக்குப் பின்னால்தான் உட்கார்ந்திருக்கிறான். அவனிடம் அந்தக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. அரசு அங்கீகரித்த வேலையின்மை அது.

ஆகவே பையன் பி.காம். சேருகிறான். அக்கவுண்டன்சி, பிசினஸ் லா. எழுபத்தைந்து சதவீத வருகை. ஒத்திகைக்குப் போனால் டிஃபால்ட்டர் லிஸ்டில் பெயர். அதே ஒத்திகையால் கோப்பை கிடைத்தால் கல்லூரி வாசலில் பேனர். பேனரில் பையன் ஓர் ஓரத்தில் தபால்தலை அளவு, அறங்காவலர் நடுவில் ஆளுயரம். வருகைப் பதிவேட்டில் இல்லாதவன் விளம்பரத்தில் இருக்கிறான். மூன்று வருடம் இப்படி ஓட்டிவிட்டுக் குர்லாவில் இறங்கிக் கலினா போனால், மும்பைப் பல்கலைக்கழகத்தின் நாடகக் கலை அகாதெமி. 2003இல் தொடங்கியது. இரண்டு வருட முதுகலை. அங்கேயும் முதலில் கேட்பது பட்டச் சான்றிதழைத்தான்.

அங்கே போனதும் கதவு திறந்து வெளிச்சம் வந்துவிடுமா? 2020 ஜனவரியில் அந்த மாணவர்கள் தர்ணா உட்கார்ந்தார்கள். கற்பித்தல் சரியில்லை என்பது அவர்கள் புகாரில் முக்கியமானது. பாடம் நடத்துங்கள் என்று கேட்க மாணவன் தரையில் உட்கார வேண்டியிருந்தது. அகாதெமியின் இயக்குநர் கட்டாய விடுப்பில் அனுப்பப்பட்டார். இந்த நாட்டில் எந்தச் சிக்கலுக்கும் கிடைக்கும் உச்சகட்டத் தீர்வு யாரையாவது லீவில் அனுப்புவதுதான்.

ஆனால் மும்பைப் பல்கலைக்கழகத்துக்கு நாடகம் வராது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. 2017ஐ மறந்துவிட்டீர்களா? விடைத்தாள்களைக் கணினித் திரையில் திருத்துகிறோம் என்று திடீரென்று கிளம்பினார்கள். 477 தேர்வுகளின் முடிவுகள் தொங்கின. ஜூலை 31க்குள் முடியுங்கள் என்று வேந்தரான ஆளுநர் கெடு வைத்தார். கெடு போனது. புதுக் கெடு வந்தது, அதுவும் போனது. வெளிநாட்டில் இடம் கிடைத்த பிள்ளைகள் மதிப்பெண் பட்டியல் இல்லாமல் தவித்தார்கள். அக்டோபரில் துணைவேந்தரைப் பதவி நீக்கினார்கள். ஒத்திகையே பார்க்காமல் மேடையேற்றி, மாதக்கணக்கில் ஓட்டி, கதாநாயகனைக் கடைசிக் காட்சியில் வெளியேற்றிய தயாரிப்பு. பார்வையாளர்கள் லட்சக்கணக்கில். டிக்கெட் விலை ஒரு கல்வியாண்டு.

முதுகலை எல்லாம் வேண்டாம், பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நேராக நாடகத்திலேயே பட்டம் வாங்க வேண்டும் என்கிறவனுக்கு என்ன வழி? திருச்சூரில் கோழிக்கோடு பல்கலைக்கழகத்தின் நாடகப் பள்ளி இருக்கிறது. 1977இல் ஜி. சங்கரப் பிள்ளை தொடங்கியது. பரோடாவில் ஒரு துறை இருக்கிறது. இங்கிருந்து பக்கம் என்றால் புனே. சாவித்திரிபாய் புலே பல்கலைக்கழகத்தின் லலித் கலா கேந்திரா, 1987 முதல் இருப்பது. நாடகத்தில் இளங்கலை. அப்பாடா, ஒரு வழியாகக் கிடைத்தது என்று மூச்சு விடாதீர்கள். அங்கே என்ன நடந்தது என்று பார்த்துவிட்டு விடலாம்.

2024 பிப்ரவரி 2. மாணவர்கள் தங்கள் வளாகத்திலேயே ஒரு நாடகம் போட்டார்கள். ராம்லீலா போடும் நடிகர்கள் மேடைக்குப் பின்னால் எப்படி இருப்பார்கள் என்பது கதை. சீதை வேஷம் கட்டிய ஆண் சிகரெட் பிடிக்கிறான். அவ்வளவுதான். ஏ.பி.வி.பி. மாணவர் அமைப்புக்காரர்கள் நாடகத்தை நிறுத்தினார்கள். காவல் நிலையத்தில் புகார். மத உணர்வைப் புண்படுத்தியதாக 295-ஏ பிரிவு. மறுநாள் துறைத் தலைவரும் ஐந்து மாணவர்களும் கைது. ஜாமீனில் வந்தார்கள். இடையில் ஒரு கும்பல் கேந்திராவுக்குள் புகுந்து கண்ணாடிகளை உடைத்துவிட்டுப் போனது. பல்கலைக்கழகம் உடனே பொங்கி எழுந்தது என்று நினைப்பீர்கள். வருத்தம் தெரிவித்தது. தன் மாணவர்களிடம் அல்ல. பிறகு உண்மை அறியும் குழு ஒன்று போட்டது. நடந்தது நாடகமா, நிஜமா என்பதை அறிய ஒரு குழு!

வேஷம் வேறு, வேஷம் கட்டியவன் வேறு. நாடகப் படிப்பில் முதல் வாரப் பாடம் இது. நம் கிராமங்களில் அதைப் படிப்பே இல்லாமல் தெரிந்து வைத்திருந்தார்கள். விடிய விடியத் தெருக்கூத்து நடக்கும். திரௌபதி வேஷக்காரர் துகிலுரியும் காட்சி முடிந்ததும் திரைக்குப் பின்னால் போய் ஒரு பீடியைப் பற்றவைப்பார். கூந்தலும் வளையலுமாகக் குந்தியிருக்கும் அந்த அம்மனுக்குத் தீப்பெட்டி எடுத்துக் கொடுத்ததே ஊர்க்காரர்தான். ஐந்து நிமிடம் கழித்து அதே திரௌபதி சபதம் போட்டால் அதே ஊர்க்காரர் கன்னத்தில் போட்டுக்கொள்வார். யாருடைய உணர்வும் புண்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அந்த ஆளுக்கு இருந்த ரசனையில் கால்வாசி இன்று பல்கலைக்கழக வளாகத்தில் இல்லை.

இந்தக் கதையைத் தெரிந்துகொண்டும் உங்கள் பிள்ளையை நாடகத்துக்கு அனுப்புவீர்களா? மாட்டீர்கள். அதுதான் நாடகத்தை நிறுத்தியவர்களுக்கு வேண்டியதும். தடை உத்தரவு போட்டால் நீதிமன்றம் கேள்வி கேட்கும். அப்பாக்களைப் பயமுறுத்திவிட்டால் போதும், துறை தானாகவே காலியாகும்.

காசில்லை, ஆகவே துறைகளை வளர்க்க முடியவில்லை என்று ஒரு பாட்டு உண்டு. விக்ரோலிக்காரனிடம் அந்தப் பாட்டு எடுபடாது. புல்லட் ரயிலுக்காக எங்கள் ஊரில் பத்து ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவான நிலத்தை எடுத்தார்கள், இழப்பீடு 264 கோடி. ரயில்வே பாலத்தை 2018இல் தொடங்கி 2025 ஜூனில் திறந்தார்கள், செலவு நூறு கோடியைத் தாண்டியது. (ரிப்பன் வெட்டாமல், மேடை போடாமல் திறந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஏழு வருடம் இழுத்தடித்த பின் எந்த முகத்தோடு மேடையேறுவது?) கோரேகாவ் ஃபிலிம் சிட்டியில் தனியார் சினிமாப் பள்ளிக்கு 20 ஏக்கர் அரசு நிலம் கிடைத்தது. அந்த ஒப்பந்தம் செல்லாது என்று சொல்ல 2012இல் உயர் நீதிமன்றம் வர வேண்டியிருந்தது. நிலமும் உண்டு, பணமும் உண்டு. யாருக்கு என்பதுதான் முன்கூட்டியே எழுதப்பட்ட வசனம்.

தமிழ்நாட்டைச் சொல்லி மார்தட்டலாம் என்று யாரும் எழுந்திருக்க வேண்டாம். அண்ணா நாடகம் எழுதினார், நடித்தார். கருணாநிதி நாடகம் எழுதினார், நடித்தார். எம்.ஜி.ஆர். சிறுவயதில் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் சேர்ந்து வளர்ந்தவர். மேடையை ஏணியாக்கிக் கோட்டைக்குப் போன மாநிலம் அது. ஏறியானதும் ஏணியை என்ன செய்தார்கள்? இன்றுவரை அங்கே மாநிலப் பாடத்திட்டத்தின் பன்னிரண்டாம் வகுப்பில் நாடகத்தை ஒரு பாடமாக எடுத்துத் தேர்வு எழுத முடியாது. புதுவைப் பல்கலைக்கழகத்தில் சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் நிகழ்கலைப் பள்ளி இருக்கிறது. நல்ல பள்ளி. அங்கே நாடகம் முதுகலைப் பாடம். நாடகத் தலைமையாசிரியர் என்று உலகம் கொண்டாடிய சுவாமிகளே வந்து நின்றாலும் இளங்கலைச் சான்றிதழ் கேட்பார்கள்.

வெட்கப்பட இன்னொரு காரணமும் தருகிறேன். இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ உயர்தரப் பரீட்சைக்கு ஒரு பாடம். தமிழில். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் முதல் துணைவேந்தர் சு. வித்தியானந்தன், கூத்தைப் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்தவர். குழந்தை ம. சண்முகலிங்கத்தின் ‘மண் சுமந்த மேனியர்’ 1985இல் மேடையேறியபோது யாழ்ப்பாணம் எப்படி இருந்தது என்று உங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பில் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் நாடகத்தையே பட்டப்படிப்பாகப் படிக்கிறார்கள். வெடிச் சத்தத்துக்கு நடுவில் அவர்கள் பாடத்திட்டம் போட்டார்கள். நாம் பட்டாசுச் சத்தத்துக்கு நடுவில் கட்அவுட்டுக்குப் பால் ஊற்றினோம்.

எங்களுக்கு அடுத்த ஸ்டேஷன் காட்கோபர். அங்கே சிராக் நகர் குடிசையில் வாழ்ந்தவர் அண்ணாபாவு சாத்தே. பள்ளிக்கூடம் போனது ஒன்றரை நாள் என்பார்கள். ஆலைத் தொழிலாளி. 1944இல் லால் பாவ்டா கலாபதக் என்ற கலைக்குழுவைத் தோழர்களோடு தொடங்கி, தமாஷாவை எடுத்து லோகநாட்டியம் ஆக்கித் தொழிலாளர் நடுவே கொண்டுபோனவர். 1969இல் வறுமையில் செத்தார். 2022 செப்டம்பரில் மாஸ்கோவில் அவருக்குச் சிலை. திறந்து வைக்க இங்கிருந்து அப்போதைய துணை முதல்வர் தேவேந்திர ஃபட்னவிஸ் விமானம் ஏறிப் போனார். இன்று ஓர் அண்ணாபாவு உயிரோடு கலினா வாசலுக்கு வந்தால்? ஒன்றரை நாளுக்கு எத்தனை கிரெடிட் என்று கணக்குப் பார்த்துத் திருப்பி அனுப்புவார்கள். செத்தால்தான் இவர்களிடம் அட்மிஷன்.

இத்தனையையும் தாண்டி, பி.காம். முடித்து, முதுகலை முடித்து, போலீஸில் மாட்டாமல் ஒருவன் நாடகக்காரன் ஆகிவிட்டான் என்றே வையுங்கள். முலுண்டு காளிதாஸிலோ மாட்டுங்கா யஷ்வந்திலோ டிக்கெட் போட்டு நாடகம் நடத்த நினைக்கிறான். மகாராஷ்டிராவில் அதற்கும் ஒரு வாரியம் இருக்கிறது. நாடகப் பிரதியை முன்கூட்டியே அனுப்ப வேண்டும். அவர்கள் படித்து, வெட்டி, முத்திரை குத்திக் கொடுத்தால்தான் மேடை. 1876இல் வெள்ளைக்காரன் போட்ட நாடகச் சட்டத்தைக் காலாவதி என்று 2018இல் டில்லியில் குப்பையில் போட்டார்கள். இங்கேயோ பழைய பம்பாய் போலீஸ் சட்டத்தின் விதிகளைப் பிடித்துக்கொண்டு வாரியம் உட்கார்ந்திருக்கிறது. நடிகர் அமோல் பாலேக்கர் 2016இல் உயர் நீதிமன்றத்துக்குப் போய், சினிமாக்காரனுக்கே தணிக்கை தேவையா என்று பேசும் காலத்தில் நாடகக்காரனை ஏன் போலீஸ் விதியில் கட்டி வைத்திருக்கிறீர்கள் என்ற வழக்கைத் தொடுத்தார். கட்டு இன்னும் அவிழ்ந்தபாடில்லை.

அடுத்த தேர்தலில் பார்க்சைட்டுக்கும் கன்னம்வார் நகருக்கும் வேட்பாளர்கள் வருவார்கள். மேடை போடுவார்கள். மைக் பிடிப்பார்கள். அழுவார்கள், சிரிப்பார்கள், எதிர்க்கட்சிக்காரனை மிமிக்ரி செய்வார்கள், தமிழர்களைக் கண்டதும் ‘வணக்கம்’ என்பார்கள். ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “ஐயா, இந்த வசனத்தின் பிரதியை எந்த வாரியத்துக்கு அனுப்பி அனுமதி வாங்கினீர்கள்?”