நகரும் உலகமும் நிற்கும் லாரியும்

ஜெராக்ஸ் கடை மூலையில் தூசி படிந்து கிடக்கும், மெலிந்த எல்இடி ரக ஏ4 ஸ்கேனரை இளக்காரமாகப் பார்க்காதீர்கள். அதன் விளக்கை அணைத்து, சென்சார் மேலுள்ள குட்டி லென்ஸ் வரிசையைக் கழற்றி, தாத்தா காலத்து மரப்பெட்டிக் கேமராவின் முதுகில், ஃபிலிம் இருக்க வேண்டிய இடத்தில் பொருத்துங்கள். 1200 டிபிஐயில் சுமார் 14 கோடிப் புள்ளிகள் கொண்ட படம் கிடைக்கும். லட்சங்களில் விலை சொல்லும் கேமராக்காரர் வாயைப் பிளப்பார்.

குறை என்னவென்றால், அது காட்சியை ஒரு நொடியில் பார்க்காது. அரசு அலுவலகக் கோப்பைப் போல வரி வரியாக, நிதானமாகப் படிக்கும். இந்த ரகத்துக்குத் தன் விளக்கு இல்லாமல் நிறமும் தெரியாது, கறுப்பு வெள்ளைதான்.

கும்மிடிப்பூண்டி ஸ்டேஷனில் வைத்தால், மின்சார ரயில் ஒரு திசையில் போகும்போது அனுமார் வாலாக நீளும். மறு திசையில் தீப்பெட்டியாகச் சுருங்கும். சிப்காட் ஷிஃப்ட் முடிந்து ஓடுபவர் புகையாய் நெளிவார். அச்சு அசலாக விழுவது தேசிய நெடுஞ்சாலை 16-ல் நெரிசலில் நிற்கும் லாரிதான். இந்தக் கேமராவுக்கென்றே போட்ட சாலை!

சிரிக்காதீர்கள். 1988-ல் பைக்கனூர் ஏவுதளத்திலிருந்து கிளம்பிய நம் ஐஆர்எஸ்-1ஏ செயற்கைக்கோளும் பூமியை இப்படித்தான் வாசித்தது, வரிக்கு 2048 புள்ளிகளாக. பின்னால் வந்த அதன் தம்பிகள் பலர் பக்கத்து ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே பறந்தார்கள். ஸ்கேனருக்கு மட்டும் ரேஷன் கார்டு நகலே விதி என்று நாமாக எழுதிவிட்டோம்.